குழாயில் ஒட்டிய பெயர்

மார்ச் 5, புதன்

வாலு இன்று பால் டம்ளரை என் ஆபீஸ் பையின் மேல் கவிழ்த்தாள். உள்ளே எச்சில் பிடிக்கும் குழாய்கள். காலிக் குழாய்கள்தான், பிழைத்தேன். "யாருடி கொட்டினது?" என்றால் "கை" என்கிறாள். மூன்றரை வயதில் இந்தச் சாமர்த்தியம். அப்பன் வீட்டுச் சொத்து.

வருகிற ஞாயிறு எங்கள் வரிசை வீடுகளிலேயே மாதிரி எடுக்க வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். மரபணு ஆராய்ச்சிக் கூடத்தில் எனக்கு இந்த ஒப்பந்த வேலை கிடைத்ததே அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியாதா? என் எம்.எஸ்ஸி. மதிப்பெண்ணைப் பார்த்தா எடுத்தார்கள்? இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவள் என்று பார்த்து எடுத்தார்கள். "வெளியாள் போனா வாயே திறக்க மாட்டாங்க. நீ மருமக. நீ கேட்டா துப்புவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 9, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் ஈ காக்கை வரவில்லை. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் மாமா வந்தார். இவருடைய அப்பா. எலக்ட்ரீஷியன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, போட்டோ எடுத்துக்கொள்ள வந்தவர் மாதிரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதை வெச்சு என்னம்மா பண்ணுவாங்க?"

"இந்த மண்ணுல யார் முதல்ல நடந்தாங்க, யார் பிறகு வந்தாங்க, எப்படிக் கலந்தோம்னு பாப்பாங்க மாமா."

"கண்டுபிடிச்சா வீட்டை இடிக்க மாட்டாங்களா?"

நகராட்சி நோட்டீஸ் வந்ததிலிருந்து எதைச் சொன்னாலும் அவருக்கு அங்கேதான் வந்து முட்டுகிறது. ரயில் பாதை அகலப்படுத்துகிறார்களாம், இந்த நான்கு வரிசை வீடுகளும் போக வேண்டுமாம். குழாயை நீட்டினேன். துப்பினார். நுரை கணக்கில் வராது, கோடு வரைக்கும் நீராக வர வேண்டும் என்றேன். "நாக்கு வறண்டு கெடக்கு, கடன் வாங்கித்தான் துப்பணும்" என்றார். கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகு வரிசையில் நின்றார்கள்.

நாத்தனார் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். பியூட்டி பார்லரில் வேலை, வாய் கத்தரிக்கோல்.

"ஏன் அண்ணி, இத்தனை காலமா எங்களைப் பாத்து அவங்க துப்புனாங்க. இப்ப எங்களைத் துப்பச் சொல்லி வாங்கிட்டுப் போறாங்களா?"

பிறகு அவளும் உட்கார்ந்தாள். கேட்டாள்: "எங்க பேரெல்லாம் போடுவாங்களா?"

"பேர் வராது. ஊர் வராது. வெறும் நம்பர்தான்" என்றேன். நம்பித்தான் சொன்னேன். மேடம் எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்.

மார்ச் 10

கணினியில் ஏற்றும்போது 'குழு' என்று ஒரு கட்டம். நாமாக எழுத முடியாது. பட்டியலில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும்.

இவர்கள் தங்களை 'நம்மவங்க' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். நம்மவங்க வீட்டுக் கல்யாணம். அவன் நம்மவங்க பையன். அதற்கு மேல் ஒரு பெயர் இவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. அரசாங்கப் பதிவில் இருப்பது வேறொரு சொல். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அது பெயரே இல்லை. இவர்கள் எதிரே வந்தால் தள்ளி நில், ஒதுங்கு என்று மற்றவர்கள் போட்ட அதட்டல். கேட்டுக் கேட்டு எவனோ ஓர் அதிகாரி அதையே பெயரென்று எழுதிக்கொண்டு போய்விட்டான்.

என் பிறந்த வீட்டில் கால் கழுவாமல் உள்ளே வந்தால் அம்மா அந்தச் சொல்லால்தான் அதட்டுவாள். நானும் என் தம்பியை அதட்டியிருக்கிறேன். அது மனிதர்களுக்கு இட்ட பெயர் என்று கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரியும். இவரைப் பார்த்த பிறகு. இந்த வீட்டில் ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. வாலுவுக்கு அப்படி ஒரு சொல் இருப்பதே தெரியாது. தெரியக் கூடாது. வேறு எதற்கும் நான் இவ்வளவு பயந்ததில்லை.

பட்டியலில் 'பிற' என்றும் ஒன்று இருந்தது. அதைப் போடலாமா என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். (புள்ளிவிவரம் பார்க்கிறவர். கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவரும் கோபித்துக்கொள்வதில்லை.)

"'பிற'ன்னு போட்டா கடைசியில வடிகட்டும்போது தூக்கிரும்மா. இத்தனை பேர் துப்பினது வீண்."

"அப்ப இந்தப் பேரைப் போட்டுட்டுப் பிறகு மாத்தலாமா?"

"மாத்தலாமே. உள்ளுக்குள்ள இருக்கிற பேர்தானே."

போட்டேன். இயந்திரம் அதன் முதல் மூன்று எழுத்தையும் ஒரு எண்ணையும் சின்னச் சின்ன ஸ்டிக்கராக அடித்துத் தள்ளியது. ஒவ்வொரு குழாயாக ஒட்டினேன். மாமா குழாயிலும்.

மார்ச் 11

உள்ளுக்குள் இருக்கிற பேர்தானே.

ஜூலை 22

முடிவு வந்துவிட்டது. கணக்குப்பிள்ளை திரையில் படத்தைத் திறந்து, பக்கத்தில் உட்காரச் சொல்லிக் காட்டினார். குழுவுக்கு ஒரு பட்டை, ஒவ்வொரு பட்டையிலும் மூன்று நிறம். இந்தப் பரப்பில் மிகப் பழங்காலத்தில் திரிந்த வேட்டைக்காரர்களிடமிருந்து வந்த பங்கு ஒன்று. மேற்கே உழவர்களோடு சேர்ந்த பங்கு ஒன்று. வடக்கே புல்வெளியில் மாடு மேய்த்தவர்களிடமிருந்து வந்த பங்கு ஒன்று. எந்தக் குழுவை எடுத்தாலும் மூன்றும் இருக்கிறது. அளவுதான் மாறுகிறது.

நம்மவங்களிடம் முதல் நிறம் அதிகம். எடுத்த குழுக்களிலேயே அதிகம்.

"அப்ப இவங்கதான் முதல் மனுஷங்களா?"

"ஐயோ, அப்படிச் சொல்லிராதீங்க. உப்பு மாதிரி. எல்லார்கிட்டயும் இருக்கு, இவங்ககிட்ட கொஞ்சம் தூக்கல். அவ்ளோதான். முதல்ல வந்தவன், பிறகு வந்தவன்னு தனியா ஒருத்தனும் இன்னைக்கு இல்ல."

என் மாதிரியும் இருந்தது, பயிற்சியின்போது கொடுத்தது. எங்கே என்று கேட்டேன். விரலால் காட்டினார். என் பிறந்த வீட்டு ஆட்களின் பட்டை, நம்மவங்க பட்டைக்கு அடுத்தது. ஒட்டி நிற்கிறது. தள்ளி நில் என்று கத்தியவர்களும் தள்ளி நின்றவர்களும் படத்தில் ஒரு விரல் இடைவெளியில் நிற்கிறோம். எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. தண்ணீர் குடித்தேன்.

பட்டைக்குக் கீழே அந்த மூன்று எழுத்து.

"இதை மாத்திடலாம்னு சொன்னீங்களே?"

"மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

மேடம் விமானத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். "பப்ளிஷ் பண்ணும்போது பாத்துக்கலாம்மா."

செப்டம்பர் 15, திங்கள்

பார்த்துக்கொண்டார்கள்.

கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் கேட்டார்களாம், இந்தக் குழு எது, பெயர் என்ன என்று. இதற்கு முன் செய்த எல்லா ஆய்விலும் அந்தச் சொல்தான் இருக்கிறதாம். "நாம வேற பேர் போட்டா இது வேற மக்கள்னு ஆயிடும். ஒப்பிட்டே பாக்க முடியாது" என்றார் மேடம்.

"பேர் வராதுன்னு நான் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன் மேடம்."

"ஒப்புதல் தாள்ல என்ன இருக்கு? தனி ஆளோட பேர் வராதுன்னு இருக்கு. வரலையே. குழுவோட பேர் வராதுன்னு எங்க இருக்கு? நீயா ஏன் அப்படி ஒரு வாக்குக் குடுத்தே?"

கத்தவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. அவர் என்னிடம் சொன்னதும் 'பேர் வராது' என்றுதான். எந்தப் பேர் என்று நான் கேட்கவில்லை. பேர் என்றால் இரண்டும் பேர்தானே என்று நான் நினைத்தேன். அவர் ஒன்றைத்தான் நினைத்திருக்கிறார்.

வீட்டில் சொல்லவில்லை. யார் படிக்கப் போகிறார்கள் அந்த இதழை? உலகத்தில் நூறு பேர் படிப்பார்கள். அதில் நம்மவங்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

அக்டோபர் 31, வெள்ளி

நூறு பேர் என்று நினைத்தேனே. மடச்சி.

கட்டுரை இதழில் வந்துவிட்டது; யாரோ அதிலிருந்து அந்தப் படத்தை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நேற்றிலிருந்து ஓடுகிறது. ஒரு கூட்டம் கொண்டாடுகிறது: பாருங்கள், மண்ணின் முதல் மக்கள், மற்றவரெல்லாம் வந்தேறி. இன்னொரு கூட்டம் ஏசுகிறது: யாரும் எங்கிருந்தும் வரவில்லை, இதெல்லாம் கூலிக்கு எழுதிய கட்டுரை. ஆயிரம் பேர் ஆயிரம் பேரோடு சண்டை போடுகிறார்கள். ஆதிக்குடி என்கிறான் ஒருத்தன், இனம் என்கிறான் ஒருத்தன், ரத்தம் என்கிறான். எங்கள் கட்டுரையில் ரத்தம் என்ற சொல்லே கிடையாது. எல்லோரும் ஒன்றில் மட்டும் ஒற்றுமை. தூக்கி வைக்கிறவனும் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறான், போட்டு மிதிக்கிறவனும் அதைத்தான் எழுதுகிறான்.

இவர் டிப்போவிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். பஸ் மெக்கானிக், சாதாரணமாக இருட்டிய பிறகுதான் வருவார். கையைக்கூடக் கழுவவில்லை. கிரீஸ் கையோடு போனை நீட்டினார்.

"இது உங்க ஆபீஸா?"

"ஆமா."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்.

"தெரியும்" என்றேன்.

அவர் கை கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார். அப்புறம் திரும்பாமலே சொன்னார். "இன்னைக்கு உள்ள நுழையறேன், சூப்பர்வைசர் எந்திரிச்சு நிக்கிறான். 'வாங்க ஆதி மனுஷரே, நெருப்பு கண்டுபிடிச்சாச்சா'ங்கிறான். அதைக்கூட விட்டுடலாம். அதுக்கப்புறம் அந்தப் பேரைச் சொன்னான். பதினோரு வருஷமா அவனுக்கு நான் யாருன்னு தெரியாது. நம்ம தெருவுல எடுத்ததுன்னு எவனோ போன்ல எழுதியிருக்கான், இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு."

நவம்பர் 1

அம்மா போன். "பேப்பர்ல எல்லாம் உன் புகுந்த வீட்டைப் பத்தித்தானாமே." அப்புறம் அந்தச் சொல்லை ரொம்ப இயல்பாக, மளிகைச் சாமான் பேர் சொல்கிற மாதிரி சொன்னாள். இப்போது அது விஞ்ஞானப் பெயர் அல்லவா.

போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 6

இதழுக்கு மேடம் எழுதினார். என் நச்சரிப்பு தாங்காமல்தான் எழுதினார், ஆனாலும் எழுதினார். அதை மறைக்கக் கூடாது. பதில் வந்துவிட்டது. பெயரை மாற்ற இயலாது. வேண்டுமானால் கீழே ஒரு வரி சேர்க்கலாம்: இம்மக்களில் சிலர் வேறு பெயரை விரும்புகின்றனர். அந்த வேறு பெயர் என்ன என்று தெரிவிக்கவும்.

நாத்தனாரிடம் கேட்டேன். நான்கு நாளாக என்னோடு பேசாதவள், இதற்கு மட்டும் பேசினாள்.

"நம்மவங்கன்னு போடச் சொல்லுங்க. போடட்டும். ஊர்ல உள்ளவன் எல்லாம் எங்களைப் பாத்து நம்மவங்கன்னு கூப்பிடுவானாக்கும்! அப்புறம் சம்பந்தம் பேச வருவானாக்கும்!" சிரித்தாள். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

அவள் சொல்வது சரிதான். அதை எப்படிப் போடுவது? அவர்கள் வாயில் இருக்கிறவரைதான் அது பெயர்.

கணக்குப்பிள்ளை தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். தரவு முழுவதும் எல்லோரும் இறக்கிக்கொண்டாயிற்றாம், அந்த மூன்று எழுத்தோடு. "இனிமே யார் எங்க எந்த ஆராய்ச்சி செஞ்சாலும் பக்கத்துல அந்தக் குறி வரும்மா. கறந்த பால் மடி புகாது." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மாத்தலாமே என்றவர் நீங்கள்தானே?

இல்லை. ஸ்டிக்கர் ஒட்டியது நான்தானே.

நவம்பர் 9, ஞாயிறு

மாமா சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார். இத்தனை நாளும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்கிட்ட வாங்கினதைத் திருப்பிக் குடுத்துடும்மா."

"மாமா... அதைப் படிச்சு முடிச்சாச்சு. கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சு. இப்ப அது வெறும் குழாய்தான்."

"வெறும் குழாய்தானே. குடுக்கிறதுக்கு என்ன?"

நவம்பர் 11

எடுத்து வந்துவிட்டேன்.

உறைபெட்டியைத் திறந்ததும் வெள்ளைப் புகை. தட்டு தட்டாக எங்கள் வரிசை வீடு முழுக்க உள்ளே நிற்கிறது. எதிர் வீட்டுத் தையல்காரர், கடைசி வீட்டு அக்கா, நாத்தனார், இவர். பேர் இல்லாமல்தான். எல்லோர் நெற்றியிலும் அந்த மூன்று எழுத்து. மாமாவுடையதை மட்டும் எடுத்து வாலுவின் டிபன் டப்பாவில் வைத்து மூடினேன்.

வீட்டுக்கு வருவதற்குள் உருகிவிட்டது. மாமா கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்றார். மூடியைத் திறந்து அங்கணத்தில் ஊற்றித் தண்ணீர் விட்டார். முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் குழாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நகத்தால் ஸ்டிக்கரைக் கீறினார். வரவில்லை. வெந்நீரில் போட்டார். வரவில்லை. டெஸ்டர் முனையால் ஓரத்தைக் கிளப்பப் பார்த்தார். அது உறைபெட்டிக்கென்றே செய்த ஸ்டிக்கர். பனியிலும் போகாது, தண்ணீரிலும் போகாது, தேய்த்தாலும் எழுத்து அழியாது. நான்தான் பயிற்சியில் இரண்டு பக்கம் குறிப்பெடுத்திருக்கிறேனே, அதன் பெருமையை.

"விடுங்க மாமா."

"நல்ல பசைம்மா" என்றார். வேலை தெரிந்தவர் இன்னொரு வேலையை மெச்சுகிற குரலில். அப்புறம் குழாயைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை.

நவம்பர் 12

மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கும் திடம் எனக்கில்லை.

"உன் வேதனை புரியுது. ஆனா பெட்டியிலிருந்து ஒரு குழாயை யார் வேணா எடுத்துட்டுப் போகலாம்னு தெரிஞ்சா, நாளைக்கு நான் இன்னொரு தெருவுல போய் எப்படிம்மா கேப்பேன்?"

நியாயம்தான். எல்லோர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மேசையைக் காலி செய்தேன். ஒரு டம்ளர், ஒரு சீப்பு, வாலு கிறுக்கின படம்.

டிசம்பர் 4

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வாலுவுக்குச் சளி. இவர் பேசுகிறார்: பால் வாங்கணுமா, கதவு பூட்டியாச்சா. அவ்வளவுதான் பேச்சு.

டிசம்பர் 14, ஞாயிறு

நம்மவங்க சங்கத்தின் தலைவர் வீட்டுக்கு வந்தார். இந்த வரிசையில் பிறந்து வளர்ந்து, இப்போது வேறு எங்கோ சொந்த வீட்டில் இருக்கிறவர். கையில் எங்கள் கட்டுரை. மஞ்சள் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

"தங்கச்சி, நீ பெரிய உதவி பண்ணியிருக்கே! தெரியாமலே பண்ணியிருக்கே!"

விஷயம் இதுதான். தொல்குடி என்று அங்கீகாரம் கிடைத்தால் வீடுகளை இடிக்க முடியாதாம். வக்கீல் சொல்லிவிட்டாராம். நாம்தான் பழைய பங்கு அதிகம் உள்ளவர்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி எங்கே கிடைக்கும்? மனு போட வேண்டியதுதான் பாக்கி. ஒன்றே ஒன்று. கட்டுரையில் என்ன பெயரோ, அரசுப் பதிவில் என்ன பெயரோ, மனுவிலும் அதே பெயர் இருக்க வேண்டும். சங்கத்தின் பெயரையும் அப்படியே மாற்ற வேண்டும். தெரு வாசலில் பலகையும் வைத்துவிட்டால் நல்லது, அதிகாரிகள் பார்வையிட வருவார்கள்.

நான் சொன்னேன். "அண்ணா, அந்தக் கட்டுரை அப்படிச் சொல்லலை. எல்லார்கிட்டயும் இருக்கிறது நம்மகிட்ட கொஞ்சம் கூட இருக்குன்னுதான் சொல்லுது. முதல் ஆளு, கடைசி ஆளுன்னு யாரையும் பிரிக்கலை. கோர்ட்டுல எதிர் வக்கீல் இதையே எடுத்துக் கேட்டா?"

"அதெல்லாம் உனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும்."

மாமா ஸ்டூலில் உட்கார்ந்து பழைய பிளக் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலைவர் அவரைப் பார்த்தார். "என்ன பெரியவரே, பேசாம இருக்கீங்க? பேரா, வீடா? நீங்களே சொல்லுங்க."

"ரெண்டும் என்னோடதுதான்னு நெனச்சிருந்தேன்" என்றார் மாமா.

டிசம்பர் 21, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி அருகில் கூட்டம். மாமா வரவில்லை.

நாத்தனார் எழுந்து கத்தினாள். "எங்கம்மா சாகும்போதுகூட அந்தப் பேரைச் சொன்னவ வீட்டுத் தண்ணியைக் குடிக்கலை! அதை வாசல்ல எழுதி வெச்சுட்டு உள்ள படுத்துத் தூங்குவீங்களா?" கடைசி வீட்டு அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "தூங்க ஒரு உள்ளாவது வேணுமில்லடி."

சின்னப் பையன்களுக்கு இதில் பெருமையே வந்துவிட்டது. பனியனில் அடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். திட்டினவன் வாயை அடைக்க அதையே சட்டையில் போட வேண்டுமாம். இருக்கலாம். எனக்குப் புரியவில்லை. நான் வந்தவள்.

சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். இவர் என்னைப் பார்த்தார். பல வாரங்களுக்குப் பிறகு நேராகப் பார்த்தார். அப்புறம் கையைத் தூக்கினார். வாலு என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நகராட்சி வண்டி வந்து நின்றால் இவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? அம்மா வீட்டுக்கா?

என் கையும் மேலே போயிருந்தது.

ஜனவரி 18

பலகை வைத்தாயிற்று. பெரிய எழுத்து. இரவில் தெரிய விளக்கும் போட வேண்டும் என்று தலைவர் மாமாவைத்தான் கேட்டார். மாமா முதுகு வலி என்றார். டவுனிலிருந்து ஆள் வந்து போட்டான்.

மார்ச் 24

இடிப்பதற்கு இடைக்காலத் தடை கிடைத்ததென்று போன வாரம் பட்டாசு வெடிக்காத குறை. இன்று நாத்தனார் வந்து சொன்னாள், எதிர்த்தரப்பு வேறொரு ஆய்வைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறதாம். அதில் வேறு ஒரு குழுவின் பட்டைதான் உயரமாம். அவர்களும் தொல்குடி கேட்கப் போகிறார்களாம். நீதிபதி வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார். தடை அடுத்த வாய்தா வரைக்கும்தான்.

வல்லுநர் என்றால் மேடம் மாதிரி யாரோ. மேடமாகவேகூட இருக்கலாம். கேட்டால் உண்மையைத்தான் சொல்வார். எல்லோரும் கலவை, முதல் என்று யாருமில்லை. அந்த உண்மையில் வீடு போகும். பலகை மட்டும் நிற்கும். எனக்கு இது டிசம்பரிலேயே தெரியும். சொல்லியும் பார்த்தேன். இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ?

சொன்னால் மட்டும்?

ஏப்ரல் 19

எங்கும் வேலை இல்லை. ஒரு நேர்காணலில் முன்பு எங்கே வேலை என்றார்கள். சொன்னேன். "ஓ, அந்த ஆராய்ச்சியா!" என்று அந்தச் சொல்லை உற்சாகமாகச் சொன்னார் ஒருவர். ரொம்ப முக்கியமான பணி என்றார். பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள்.

மே 30

வாய்தா மறுபடி தள்ளிப்போயிருக்கிறது. இவர் ஞாயிறுகளிலும் டிப்போவுக்குப் போகிறார். நாளை கடைசி நாள் என்ற மாதிரி வீட்டில் எதையும் ஆணி அடித்து மாட்டுவதில்லை நாங்கள். காலண்டர்கூட ஜன்னல் கம்பியில் சொருகியிருக்கிறது.

ஜூன் 16, செவ்வாய்

வாலு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. பால்வாடியிலேயே எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. வழியில் ஒரு சுவரை விடுவதில்லை. பஸ் நம்பர், மருந்துக்கடை, இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர், எல்லாவற்றையும் நின்று நின்று படிக்கிறாள். வாசலுக்கு வரும்போது மட்டும் நான் அவளைத் தூக்கி மறுபக்கம் திருப்பிக்கொள்வேன். இன்று நாத்தனார் கூட்டி வந்தாள். நான் அவளிடம் சொல்லி வைக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். நேராக மாமாவிடம் போனாள்.

"தாத்தா! நானே படிச்சேன்! நம்ம வாசல்ல இருக்கே, அதை நானே படிச்சேன்!"

படித்துக் காட்டினாள். ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தமாக, ஒரு பிழை இல்லாமல். டீச்சர் அப்படித்தான் சொல்லித் தந்திருக்கிறார். குழாயை மூடினேன்.

"அது நாமதானே தாத்தா? அத்தை சொல்ல மாட்டேங்குது. நாமதானே?"

நான் ஓடி வந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். கை முழுக்கச் சோப்பு. கதவோரம் நின்றுவிட்டேன். மாமா அவள் தலையில் ஒட்டியிருந்த எதையோ எடுத்துப் போட்டார்.

"ஆமாடா கண்ணு" என்றார். "நல்லாப் படிச்சே. போய்க் கால் கழுவிட்டு வா."

அவள் குதித்துக்கொண்டு பின்பக்கம் போனாள், அதே சொல்லைப் பாட்டாகப் பாடிக்கொண்டு. மாமா எழுந்து ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் பெட்டியைக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொரு திருகாணியாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதில் ஒரு பழுதும் இல்லை.